அவுட்போர்டு என்ஜின் நின்றுவிட்டதா? அறிகுறியை வைத்து, பழுது பார்ப்பதா மாற்றுவதா என்று முடிவெடுக்கும் வழி

அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற என்ஜின், நின்றுபோய், இன்னொரு படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்த அன்றைக்கே யாரும் முடிவெடுக்க வேண்டாம். அன்றைக்கு இருக்கிற கோபத்தில் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம்" என்று தோன்றும், இல்லையென்றால் கையில் காசில்லாத கவலையில் "எப்படியாவது ஓடினால் போதும்" என்று தோன்றும். இரண்டுமே என்ஜினைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. அரை நாள் ஒதுக்கி, சில சாதாரணக் கருவிகளோடு உட்கார்ந்தால், எந்தப் பக்கம் போகலாம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். அவுட்போர்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மூன்று பொருள். மேலே சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் எல்லாம் இருக்கிற பவர்ஹெட். நடுவில் கால் போல் நீளும் பகுதி, அதற்குள்தான் ஷாஃப்ட்டும் புகை வழியும் குளிர்நீர்க் குழாயும் ஓடுகின்றன. கீழே கியர் பெட்டியும் புரொப்பெல்லரும். இவற்றைச் சுற்றி பெட்ரோல், மின்சாரம், குளிர்நீர் என்று மூன்று வேலைகள் நடக்கின்றன. சுற்றியிருக்கிற வேலைகளில் கோளாறு என்றால் அநேகமாக எப்போதும் பழுது பார்ப்பதுதான் சரி. கியர் பெட்டி என்றால் ஆயிலைப் பார்த்துச் சொல்லலாம். பவர்ஹெட் போயிருந்தால்தான் மாற்றுவதா என்ற கேள்வியே வருகிறது. எத்தனையோ நல்ல என்ஜின்கள் அடைத்துப்போன ஒரு ஜெட்டுக்காகவும் (பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளை) கிழிந்த ஒரு ரப்பர் சவ்வுக்காகவும் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கின்றன, அதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

எதையும் கழற்றும் முன் நாலு விஷயம். நிறுத்தும் கயிறு (இழுபட்டால் என்ஜினை அணைத்துவிடும் கயிறு) அதன் கிளிப்பில் சரியாக இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பெட்ரோல் டேங்கின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல்தான் இருக்கிறதா. அனுபவசாலிகளும் இந்த நாலில் ஏதாவது ஒன்றில் மாட்டியிருப்பார்கள்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது

பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். அது போதாது, ஸ்டார்ட்டர் சுற்ற முயலும்போது அதே மீட்டரைப் பாருங்கள்: 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். விழாமல் நிற்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் வழியில் எங்கோ மின்சாரம் நின்றுபோகிறது. உப்புக்காற்றில் ஓடிய படகில் கேபிளின் முனை வெளியே பளபளவென்று இருந்தாலும் உறைக்குள் செம்பு பச்சையாகப் பொடிந்து போயிருக்கும், உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால்தான் தெரியும். சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), நியூட்ரல் சுவிட்ச், எர்த் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். இதெல்லாம் சின்னச் செலவு, இதற்காக என்ஜினை மாற்றுவது பற்றி யோசிக்கவே கூடாது.

ஆனால் பேட்டரி, கேபிள், சொலினாய்டு எல்லாம் சரியாக இருந்தும் டிக்கோடு நிற்கிறது என்றால் என்ஜினே இறுகியிருக்கலாம். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். 'சுற்றவே மாட்டேன் என்கிறது' என்ற பகுதிக்குப் போங்கள்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

தீப்பொறி, பெட்ரோல், அமுக்கம். இந்த மூன்றில் ஒன்று இல்லை.

தீப்பொறியைப் பார்க்க, இடைவெளியைச் சரிசெய்யக்கூடிய டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிளக்கை என்ஜின்மேல் சாய்த்து வைத்துப் பார்க்கிற பழக்கம் ஏமாற்றும், ஏனென்றால் வெளிக்காற்றில் பிளக்கின் சின்ன இடைவெளியைத் தாண்டுகிற பலவீனமான பொறி, சிலிண்டருக்குள் அமுக்கத்தில் தாண்டாது. பல பழைய என்ஜின்களில் 11 மில்லிமீட்டர் போல இடைவெளி வைத்தும் நீலமாகப் பொறி தாண்ட வேண்டும். பிளக் துளை வழியாக வருகிற பெட்ரோல் ஆவி அருகிலேயே இருக்கும், ஆகவே பொறி விழும் இடத்தைத் தள்ளி வையுங்கள், கையால் ஒயரைப் பிடிக்காதீர்கள்.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லை என்றால் பொறிக்கு மின்சாரம் தரும் 'காயில்' அல்லது அதன் ஒயர். எதிலுமே இல்லை என்றால் முதலில் நிறுத்தும் சுவிட்ச்சின் ஒயரைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள், பாதிக் கதை அங்கேயே முடியும். அதற்குப் பிறகுதான் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ட்ரிகர் (பொறி விழும் நேரத்தைச் சொல்வது), சிடிஐ பெட்டி (பொறியை அனுப்பும் மின்னணுப் பெட்டி). இங்கே ஒரு எச்சரிக்கை: "இதை மாற்றிப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் அதை மாற்றிப் பார்ப்போம்" என்று ஆரம்பிக்கிற வேலை, காலுக்கடியில் மணல் போகிற மாதிரி காசைக் கரைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் புத்தகத்தில் ஓம் அளவு கொடுத்திருப்பார்கள். அளந்துவிட்டு மாற்றுங்கள். அளக்கத் தெரியாத மெக்கானிக் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெட்ரோல் பக்கத்தில் சந்தேகம் வந்தால், முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு கிழித்ததுபோல் நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும், என்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பல மாதம் சும்மா கிடந்த கார்புரேட்டர் என்றால் ஜெட்டுகளில் பிசின் படிந்திருக்கும். இன்ஜெக்‌ஷன் என்ஜின் என்றால் சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் ஓரிரு நொடி பம்ப் ஓடும் முனகல் கேட்கிறதா என்று காது கொடுங்கள்.

இந்த வகைக் கோளாறு எதுவும் தன்னளவில் என்ஜினை மாற்றக் காரணம் ஆகாது, ஒரே ஒரு விதிவிலக்கு தவிர: கட்டுப்பாட்டுக் கணினி போய்விட்டது, அந்த மாடலுக்கு அது எங்கும் கிடைப்பதில்லை என்ற நிலை. 2020 மே மாதத்தில் எவின்ரூட் என்ஜின்கள் தயாரிப்பதை பிஆர்பி நிறுவனம் நிறுத்தியபோது, உதிரிபாகங்களைத் தொடர்ந்து தருவோம் என்றும் சொன்னது. ஒரு மாடல் நின்றுபோனதும் அந்த என்ஜின் செத்துவிடாது. ஆனால் வருஷம் போகப்போக இம்பெல்லரும் (குளிர்நீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) கேஸ்கெட்டும் வேறு கம்பெனிக்காரர்களிடம் கிடைக்கும், அந்த மாடலுக்கென்றே செய்த கணினிப் பெட்டி கிடைப்பது கஷ்டமாகும். ஆகவே பழுது வேலையைத் தொடங்கும் முன், வேண்டிய பாகத்தின் எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு, அது கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது.

ஓடுகிறது, ஆனால் சத்து இல்லை

படகு எழும்பவில்லை, வேகம் கொடுத்தால் அமுங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரை பிரைமர் பல்பை, அதாவது பெட்ரோல் குழாயில் இருக்கிற ரப்பர் உருண்டையை, கவனிக்கச் சொல்லுங்கள். பல்பு சப்பிப் போனால் டேங்கிலிருந்து பல்பு வரைக்கும் எங்கோ அடைப்பு. பல்பு சப்பவில்லை, ஆனால் அதைக் கையால் அமுக்கும்போது மட்டும் என்ஜின் சுதாரித்து ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது குழாய் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. இரண்டும் மலிவு.

பஸ்ஸர் ஒலித்து, வேகம் ஒரு அளவுக்குமேல் ஏற மறுத்தால், என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். சூடு அல்லது ஆயில் பிரச்சினை. எச்சரிக்கை ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

இதெல்லாம் இல்லை என்றால் அமுக்கம் பார்க்க வேண்டியதுதான். முழு முடிவும் இந்த ஒரு சோதனையில் தொங்குவதால், ஒழுங்காகச் செய்யுங்கள். முடிந்தால் என்ஜினைக் கொஞ்சம் சூடாக்குங்கள். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் இல்லை. ஒயர்களை எர்த் செய்துவிடுங்கள். த்ராட்டிலை முழுசாகத் திறந்து வையுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கேஜைப் பொருத்தி, முள் ஏறுவது நிற்கும் வரை சுற்றுங்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெரும்பாலும் 90 முதல் 130 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை காணலாம். நாலு ஸ்ட்ரோக்கில் இதைவிட அதிகம் இருக்கும், ஆனால் சிலவற்றில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக அமுக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிடும் அமைப்பு இருப்பதால் எண் குறைவாகக் காட்டும், பயந்துவிட வேண்டாம். தனி எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் பவர்ஹெட் நலம், கோளாறு வேறெங்கோ. ஒன்று மட்டும் 20 சதவீதம் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ நடந்திருக்கிறது.

தாழ்ந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்துவிட்டன அல்லது ஒட்டிக்கொண்டன. நாலு ஸ்ட்ரோக்கில் ஏறவே இல்லை என்றால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள், அது நல்ல செய்தி, ஏனென்றால் கேஸ்கெட் மாற்றுவது என்ஜின் மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ரிங் ஒட்டிக்கொண்டது என்றாலும் கரி நீக்கும் திரவம் ஊற்றி ஊறவைத்துப் பார்க்கலாம், சில சமயம் மீண்டுவிடும்.

இப்போது சின்ன கேமரா குழாய்கள் கைபேசியில் இணைக்கிற மாதிரியே கிடைக்கின்றன. பிளக் துளை வழியாக விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் நன்று. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள், பிஸ்டனின் ஓரம் உருகி இழுபட்டமாதிரி தெரிந்தால் அமுக்க எண் எதுவாக இருந்தாலும் அந்தப் பவர்ஹெட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கழற்றிய பிளக்கையும் வெயிலில் திருப்பிப் பாருங்கள். பீங்கான்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் மினுங்கும் துகள்கள் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம்.

குளிர்நீர் பீய்ச்சவில்லை, அல்லது சூடு ஏறுகிறது

தண்ணீர் பீய்ச்சும் அந்தச் சின்னத் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். உப்போ சேறோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கலாம். அதற்கும் வரவில்லை என்றால் இம்பெல்லர். ரப்பர் இதழ்கள் வளைந்தே இறுகியிருக்கும், அல்லது உடைந்திருக்கும். உடைந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டதோடு விடாதீர்கள், காணாமல்போன இதழ்த் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடியுங்கள், அவை குழாய் வழியாக மேலே போய் வேறொரு நாள் வழியை அடைக்கும். பீய்ச்சுவது நன்றாக இருந்தும் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட், அல்லது சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளில் கெட்டியான உப்பு. பீய்ச்சும் நீர் பம்ப் வேலை செய்வதைத்தான் சொல்கிறது, பவர்ஹெட் முழுக்க நீர் சுற்றுகிறது என்று சொல்லவில்லை.

ஒருமுறை கடுமையாகச் சூடேறிய என்ஜினை, சூட்டுக் காரணத்தைச் சரிசெய்த கையோடு அமுக்கமும் பார்த்துவிடுங்கள். மேல்மூடியைத் திறந்ததும் பெயிண்ட் பொரிந்து பழுப்பாகியிருந்தால் ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு.

என்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை

இதைக் கேட்டு கியர் போச்சு என்று பதறுகிறவர்கள் அதிகம். சின்ன என்ஜின் என்றால் புரொப்பெல்லரைப் பிடிக்கும் ஷியர் பின் உடைந்திருக்கும், பாறையில் மோதினால் உடைவதற்காகவே வைத்த பின் அது. பெரியது என்றால் புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் ஹப் வழுக்கியிருக்கலாம். ஹப்பிலும் வெளி உடலிலும் சேர்த்து ஒரே நேர்கோடாகப் பெயிண்ட் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், கோடு இரண்டாக விலகியிருந்தால் ஹப்தான்.

முன் கியரில் போட்டால் வேகம் கொடுக்கும்போது 'டகடக' என்று நழுவுகிறது என்றால் கியரைப் பிடிக்கும் பல்லின் ஓரம் மழுங்கிவிட்டது. மெதுவாக, பயந்து பயந்து கியர் போடுகிற பழக்கம்தான் பெரும்பாலும் காரணம், அவுட்போர்டில் கியரை ஐடில் வேகத்தில் ஒரே தட்டில் போட வேண்டும்.

கியர் ஆயிலைக் கீழ்த் திருகைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் இறக்குங்கள். பால் விட்ட காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றினால் ஷாஃப்ட்டில் தூண்டில் நரம்பு சுற்றி, சூட்டில் உருகி வளையம் மாதிரி ஆகி, சீலுக்குள் வெட்டிக்கொண்டு போயிருப்பதைப் பலமுறை காணலாம். சீலை மாற்றி, அழுத்தம் வைத்துக் கசிவு சோதித்தால் போதும். திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். விரலால் நெருடும் துண்டுகள், பல்லின் ஓரம் தெரிகிற சில்லுகள் வந்தால் கியர்கள் போய்விட்டன. அப்போதும் பவர்ஹெட் நலமாக இருந்தால் கீழ்ப்பகுதியை மட்டும் மொத்தமாக மாற்றலாம். இரண்டு மூன்று கியர், பேரிங், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) என்று தனித்தனியாக வாங்கி இடைவெளி அளந்து பொருத்துவதற்கும், பொருத்தியே வருகிற முழு கீழ்ப்பகுதி வாங்குவதற்கும் விலையைக் கேட்டுப் பாருங்கள், பலமுறை முழுசு வாங்குவதே லாபமாக முடியும்.

சுற்றவே மாட்டேன் என்கிறது

எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்து, பிளைவீலை (என்ஜினின் உச்சியில் சுழலும் கனமான சக்கரம்) கையால் அது எப்போதும் ஓடும் திசையில் சுற்றிப் பாருங்கள். பின்னோக்கிச் சுற்றினால் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கும். பிளக் துளையிலிருந்து தண்ணீர் கொட்டி, அதோடு சுற்ற ஆரம்பித்தால் தண்ணீர்தான் தடுத்திருக்கிறது. அது எப்படி உள்ளே வந்தது என்பது அடுத்த கேள்வி.

அப்போதும் அசையவில்லை என்றால் கீழ்ப்பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றி அதை இறக்கிவிட்டு, மறுபடி பிளைவீலைச் சுற்றுங்கள். இப்போது தாராளமாகச் சுற்றினால் இறுகியிருந்தது கியர் பெட்டி, பவர்ஹெட் தப்பித்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே "என்ஜின் ஜாம்" என்று சொல்லிப் பவர்ஹெட்டுக்கு விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே நின்று, செய்து காட்டச் சொல்லுங்கள்.

கீழ்ப்பகுதி இறக்கியும் அசையவில்லை என்றால் இரண்டு வகை. நெடுநாள் சும்மா கிடந்து துருவில் ஒட்டியது ஒன்று, துரு இளக்கும் எண்ணெயைப் பிளக் துளை வழியாக ஊற்றி நாலைந்து நாள் பொறுமையாக ஊறவைத்தால் விடுபடலாம். ஓடிக்கொண்டிருந்தபோதே கடகடவென்று நின்றது மற்றொன்று, அதில் எண்ணெய் ஊற்றிப் பிடுங்கி விடுவிப்பதால் பயன் இல்லை, உள்ளே உலோகம் உலோகத்தோடு உருகி ஒட்டியிருக்கிறது.

தண்ணீருக்குள் விழுந்துவிட்டது

நேரம்தான் எல்லாம். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து உள்ளிருக்கும் நீரை வடியவிடுங்கள். கையால் சுற்றி நீரை வெளியேற்றுங்கள், ஆயில் அடியுங்கள், சில மணி நேரத்துக்குள் ஓடவைத்துவிட முயலுங்கள். நாலு ஸ்ட்ரோக் என்றால் என்ஜின் ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும், பால் நிறம் போகும் வரை. உடனே ஓடவைக்க முடியாது என்றால், ஆச்சரியமாக இருக்கும், அதை மறுபடி நல்ல தண்ணீரிலேயே முழுக்க மூழ்கவைத்து வைப்பது நல்லது. பேரிங்குகளைத் தின்பது ஈரத்தோடு சேர்ந்த காற்று.

ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியது என்றால் வேறு கதை. தண்ணீர் அமுங்காது, ஆகவே கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். கையால் சுற்றும்போது ஏதாவது ஒரு இடத்தில் தட்டினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

சரி, பவர்ஹெட் போய்விட்டது. இனி?

இப்போதுதான் உண்மையான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று: ஏன் போனது?

என்னுடைய மூன்று சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் ஒன்றில் மூன்றாவது பிஸ்டன் உருகியது. சிலிண்டரை போர் செய்து, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்கி, பெரிய அளவு பிஸ்டன் போட்டு, நல்ல வேலையாகத்தான் செய்து கொடுத்தார்கள். பதினோரு மணி நேரம் ஓடியது. பிறகு அதே மூன்றாவது பிஸ்டன், அதே பக்கத்தில் உருகியது. இந்த முறை நானே கார்புரேட்டர்களைப் பிரித்து மூன்று மெயின் ஜெட்டுகளையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். முதல் இரண்டில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவதில் நகக்கீற்று அளவுதான் தெரிந்தது, மீதியைப் பச்சையாக ஏதோ பூத்து மூடியிருந்தது. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்தது, பெட்ரோலோடு வருகிற ஆயிலும் குறைந்தது. முதல் முறை யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பவர்ஹெட்டில் ஒரு காசும் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

காரணம் தெரிந்த பிறகு, பழைய உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உப்புநீரில் வாழ்ந்த என்ஜின் என்றால் முடிவை எடுப்பது பெரும்பாலும் போல்ட்டுகள்தான். அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகு போல்ட், நடுவில் உப்பு: வருஷக்கணக்கில் அங்கே வெள்ளையாகப் பூத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பவர்ஹெட்டைத் தூக்கக் கீழே வரிசையாக இருக்கும் போல்ட்டுகளில் ஒன்றைச் சோதனைக்காக முறுக்கிப் பாருங்கள். நல்லது 'டக்' என்று விடும். கெட்டது விடாமல், ஸ்பேனருக்குள் ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே சுற்றும். அந்த வழவழப்பு கையில் தெரிந்த கணமே நிறுத்துங்கள், இன்னொரு கால் சுற்றில் தலை தனியாகக் கையோடு வரும். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து எடுக்கலாம்தான். ஆனால் ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம் என்றால் பத்துப் பன்னிரண்டு போல்ட்டுக்கு எவ்வளவு கூலி என்று கணக்குப் போடுங்கள். மூன்று நாலு போல்ட் முறிந்தால் பழுது மதிப்பீடு இரண்டு மடங்காகிவிடும்.

அதோடு பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறதா, ஸ்டியரிங் குழாய் இறுகியிருக்கிறதா, டில்ட் ராம் (என்ஜினைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் தண்டு) ஒழுகுகிறதா, புகைவழியின் உட்சுவர் அரித்துச் சல்லடையாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் இரண்டு மூன்று ஒன்றாக இருந்தால், புதுப் பவர்ஹெட்டை அந்த உடம்பில் உட்காரவைப்பது வீண். நன்னீரில் மட்டும் ஓடிய, பெயிண்ட் அப்படியே இருக்கிற, போல்ட்டெல்லாம் விடுகிற என்ஜின் என்றால் இருபது வயசானாலும் பவர்ஹெட் போட்டு ஓட்டலாம், நான் தயங்காமல் செய்வேன்.

பண விஷயத்தில் நான் வைத்திருக்கிற அளவு: பழுதின் முழுச் செலவு, அதாவது பாகம், கூலி, கேஸ்கெட், ஆயில், எதிர்பாராத போல்ட் எல்லாம் சேர்ந்து, அதே திறனுள்ள நல்ல நிலையில் உள்ள பழைய என்ஜின் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றும் பக்கம் சாய்வேன். புது என்ஜின் விலையோடு ஒப்பிட்டால் எந்தப் பழுதும் மலிவாகத்தான் தெரியும், அந்த ஒப்பீடு தப்பு. ஏனென்றால் பழுது பார்த்து முடித்ததும் உங்கள் கையில் இருப்பது பழைய என்ஜின்தான். வேறொருவரின் பழைய என்ஜினை வாங்குவதாக இருந்தால், மேலே சொன்ன அமுக்கம், கேமரா, கியர் ஆயில் மூன்றையும் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேண்டாம்.

மாற்றுவதாக முடிவானால்

என்ஜின் விலை மட்டும் செலவு இல்லை. கண்ட்ரோல் பெட்டி, கேபிள், ஒயர் கொத்து, மீட்டர், புரொப்பெல்லர் என்று பழையதில் பல புதியதோடு சேராது, கம்பெனி மாறினால் அநேகமாக ஒன்றும் சேராது. இதையும் சேர்த்து விலை கேளுங்கள்.

காலின் நீளம் படகின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்று வரும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டை இறக்கை படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் காற்றை அள்ளி அலறும், நீளமாக இருந்தால் தண்ணீரை வாரி இறைத்து இழுவை கூடும்.

எடையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை படிப்படியாக இறுகிய புகை விதிகளுக்குப் பிறகு, பல நாடுகளில் புதிதாகக் கிடைப்பது நாலு ஸ்ட்ரோக்தான். 40 குதிரைத்திறன் வகையில் பழைய கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ரோக்கைவிட நாலு ஸ்ட்ரோக் 20 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். சின்னப் படகின் பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்தால் வடிகால் துளை நீருக்குள் போய்விடும். அந்த எடைக்கு ஈடாக முதலில் படகின் பின்பக்கத்தில் மணல் மூட்டை வைத்துத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பின்பலகையையும் ஒரு மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கும் இடமும் பொத்தென்று கேட்கும் இடமும் வேறுபட்டால் உள்ளே மரம் இற்றிருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகுதான் புது என்ஜின். படகில் அதிகபட்சக் குதிரைத்திறன் எழுதிய தகடு இருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

மாட்டியதும் முழு வேகத்தில் ஆர்பிஎம் பாருங்கள். பல நாலு ஸ்ட்ரோக்குகளுக்கு 5000 முதல் 6000 வரை என்று கையேட்டில் இருக்கும். அதை எட்டவில்லை என்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம், குறைத்துப் போடுங்கள், இல்லையென்றால் என்ஜின் எப்போதும் சுமை இழுத்துத் திணறிக்கொண்டே ஓடும். முதல் பத்து மணி நேரம் கையேடு சொல்கிறபடி பக்குவமாக ஓட்டுங்கள், ஆயில் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் என்றால் அந்தப் பத்து மணி நேரத்துக்கு 50க்கு 1 என்பதற்குப் பதில் 25க்கு 1 என்று பல கையேடுகள் கேட்கும். புதுப் பவர்ஹெட் போட்டாலும் இதேதான்.

புது என்ஜினின் பெட்ரோல் குழாயைப் பழைய டேங்கில் செருகும் முன், அந்த டேங்கைக் காலி செய்து, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், குழாயையும் பல்பையும் புதிதாக்குங்கள், நடுவில் 10 மைக்ரான் நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். பழைய என்ஜினின் பிஸ்டனை உருக்கிய அழுக்கு இன்னும் அந்த டேங்கிலேயே இருக்கலாம்.